ட்ரோனின் இலக்கத் தகடு

ட்ரோன்களுக்கான தொலையடையாள விதிக்கு அமெரிக்கச் சர்க்கார் கொடுத்த சலுகைக் காலம் 2024 மார்ச் 16ஆம் திகதியோடு முடிகிறது என்ற செய்தி வந்தபோது, கல்யாணங்களிலும் தேர்த் திருவிழாக்களிலும் படம்பிடிக்கும் பசறை, பதுளை இளைஞர்கள், தங்கள் ட்ரோன் கமராவும் அன்றோடு செல்லாததாகிவிடுமோ என்று கலங்கிக் கடிதம் எழுதிய வண்ணம் இருந்தார்கள். அவர்களுக்குரிய விடை ஒரு வரியில் அடங்கும். விதியின் உள்ளே இருக்கும் சூட்சுமம் அப்படி அடங்காது.

அதிகாரிகள் இந்தத் தொலையடையாளத்தை ட்ரோனின் இலக்கத் தகடு என்று வர்ணிக்கிறார்கள். லொறியின் இலக்கத் தகடு லொறியின் இலக்கத்தை மாத்திரமே சொல்லும். இதுவோ, ட்ரோனின் இலக்கம், இருக்குமிடம், உயரம், வேகம் ஆகியவற்றோடு, அதனை இயக்குகிறவர் எங்கே நிற்கிறார் என்பதையும், வைஃபை அல்லது புளூடூத் வழியாக, விநாடிக்கு ஒருமுறையேனும், யாவரும் அறியக் கூவிக்கொண்டே பறக்கிறது. அண்மையில் இருக்கும் எவரும் கைத்தொலைபேசியில் உரிய செயலியைத் திறந்து அதனைப் படிக்கலாம். உரிமையாளரின் பெயர் அதிகாரிகளுக்கு மாத்திரமே தெரியும் என்பது அவர்கள் கூறும் சமாதானம். ஆனால் தேயிலை மலையில் தனியே நின்று ட்ரோனை இயக்கும் ஒரு பெண்ணைத் தேடிப் போகிறவனுக்குப் பெயர் எதற்கு?

இத்தகைய சமாதானங்களின் பெறுமதிக்கு முன்னுதாரணம் உண்டு. சீனாவின் டீஜேஐ நிறுவனம், தன் ட்ரோன்களின் அடையாளச் சமிக்ஞை சங்கேதமாக்கப்பட்டது என்று சொல்லிவந்து, 2022இல் அவ்வாறில்லை என ஒப்புக்கொண்டது. மறு வருஷமே ஜெர்மனியின் போக்கும் நகரப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இயக்குபவரின் இருப்பிடம் உட்பட அதனைப் பிரித்துப் படித்துக் காட்டினார்கள்.

அமெரிக்க விதி கோரும் புதிய சமிக்ஞைக்கோ, உண்மையை உறுதிசெய்யும் மின்னொப்பம் கட்டாயமில்லையாதலால், மலிவான வானொலிப் பலகையொன்றை வைத்திருப்பவன் இல்லாத ட்ரோனை இருப்பதாக அறிவிக்கலாம். போதாக்குறைக்கு, இவ்வலைகள் மலையை ஊடுருவா. நமுனுகுலயின் ஒரு முகட்டுக்கு அப்பால் தாழப் பறக்கும் ட்ரோன், இப்பால் நிற்பவருக்கு ஊமையே.

இனி, கடிதங்களில் வந்த வினாக்கள்:

அந்த அமெரிக்கக் கெடு இலங்கையைக் கட்டுப்படுத்துமா? கட்டுப்படுத்தாது.

இங்கே யாரிடம் போவது? கருவியின் அலைவரிசைக்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு. பறத்தலுக்குச் சிவில் விமான சேவைகள் அதிகார சபை.

சமிக்ஞையைப் படிக்க டேட்டா வேண்டுமா? வேண்டாம்.

250 கிராமுக்குக் குறைந்தவை? பொழுதுபோக்குக்காயின் அமெரிக்காவில் விலக்கு உண்டு.

லயத்தின்மேல் சுற்றும் ட்ரோன் யாருடையதென்று இதனால் கண்டுபிடிக்கலாமா? உடையவர் யோக்கியராயின் கண்டுபிடிக்கலாம்.