சாட்சிக் கூண்டில் நம்மவர் சொன்னது



1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். கார் வைத்திருக்கும் மிராசுதார்கள் நடந்து வந்து தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்ப முடியவில்லை என்று உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. இதை இன்றும் எடுத்துச் சொல்கிறோம், தீர்ப்பைத் தேடிப் படித்தவர்கள் இருந்ததால். ஆனால் அதே வழக்கில் கூண்டேறிய கூலித் தொழிலாளர் என்ன சொன்னார்கள்? நம்மில் சிலருக்கே தெரியும். தீர்ப்பில் இருப்பது நீதிபதியின் குரல். சாட்சியத்தில் இருப்பது நம்மவர் குரல். இரண்டையும் கேட்டு வாங்க வேண்டும்.

முதலில் வழக்கு எண் வேண்டும். காவல் நிலையம், முதல் தகவல் அறிக்கை எண், ஆண்டு ஆகியவை தெரிந்தால் இ-கோர்ட்ஸ் தளத்தில் தேடலாம். பழைய வழக்கென்றால் நீதிமன்ற அலுவலகத்திலேயே விசாரிக்க வேண்டும். மேல்முறையீடு நடந்தால் கட்டு உயர் நீதிமன்றத்துக்குப் போயிருக்கும். கட்டு எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு மனுப் போடுங்கள்.

அடுத்து, அந்த நீதிமன்றத்தின் நகல் பிரிவில் நகல் மனு. ‘தீர்ப்பு நகல்’ என்று மட்டும் எழுதாதீர்கள். குற்றப்பத்திரிகை, அரசுத் தரப்புச் சாட்சிகளின் வாக்குமூலங்கள், குறுக்கு விசாரணை, சான்றாவணங்கள் என்று ஒவ்வொன்றாகக் குறிப்பிடுங்கள். கட்டணம் கேட்டு அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஒட்டுவார்கள். அதைக் கவனிக்காமல் விட்டால் மனு தள்ளுபடியாகிவிடும்.

வழக்கின் தரப்பினர் அல்லாதவர்களும் கேட்கலாம். அதற்குக் காரணம் சொல்லும் பிரமாணப் பத்திரம் வேண்டும். ‘ஆய்வுக்காக’ என்ற ஒரு சொல் போதாது. என்ன ஆய்வு, எந்த ஆவணம் எதற்கு என்று எழுதுங்கள். மறுத்தால் எழுத்துமூலமான உத்தரவைக் கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் என்ன என்று மாணவர்கள் கேட்பார்கள். நீதிமன்ற ஆவண நகல்களை உயர் நீதிமன்ற விதிகளின்படியே பெற வேண்டும் என்று 2020 மார்ச்சில், குஜராத் உயர் நீதிமன்றம் தொடர்பான வழக்கில், உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது.

பாதிக்கப்பட்டவருக்கு முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவு இதைச் சொல்கிறது. இதற்காக யாரும் காசு கொடுக்க வேண்டாம்.

இரண்டு எச்சரிக்கைகள். குறிப்பிட்ட ஆண்டுகள் கழிந்தால் கட்டுகளில் பல தாள்களை விதிப்படியே அழித்துவிடுவார்கள். இன்று கேட்டால் கிடைப்பது நாளை இல்லாமல் போகலாம். மற்றது, நகல் கைக்கு வந்துவிட்டது என்பதற்காக எல்லாவற்றையும் அச்சிட்டுவிடக் கூடாது. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் பெயரை வெளியிடுவது குற்றம். சாட்சி சொன்னவர் இன்றும் அதே ஊரில், அதே ஆதிக்கச் சாதியினரின் வயலை நம்பி வாழலாம். அவரிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

உங்கள் மாவட்டத்தில் முடிந்துபோன ஒரு வன்கொடுமை வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த நினைவுநாளில், அந்தச் சாட்சிகள் சொன்னதை இந்த மேடையில் நாம் வாசிப்போம்.