கரையை அறிதல்

சேலம், நாமக்கல் சமவெளியில் கடலோசை கேட்பதில்லை. ஆயினும், என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் மாலுமித் தேர்வு எழுதினார். கடற்படத்தைக் கொண்டு கரையின் அடையாளங்களைக் கூறும் பகுதியில் தவறிவிட்டார். "ஒரு முனையை மற்றொரு முனை என்று எழுதிவிட்டேன், ஐயா" என்று வருந்தினார். தேர்வில் அத்தவறு மதிப்பெண்ணைக் குறைக்கும். கடலில் கப்பலையே தரைதட்டச் செய்யும்.

நாமக்கல் கோட்டைப் பாறையும் நைனாமலையும் வெவ்வேறு திசைகளில் தெரியும் வயல்மேடு ஒன்றுக்கு அவரை அழைத்துச் சென்றேன். திசைகாட்டியால் இரண்டின் திசைகளையும் அளந்தோம். நிலப்படத்தில் அவ்விரு குறிகளிலிருந்தும் கோடு இழுத்தோம். கோடுகள் வெட்டிய புள்ளியே நாங்கள் நின்ற இடம். மூன்றாவதாக ஒரு கோபுரத்தின் திசையைக் குறித்தோம். அக்கோடும் அங்கேயே வந்து சேர்ந்தது. ஒரு குறியைப் பிழையாகக் கருதியிருந்தால், மூன்றாம் கோடு விலகி அதனைக் காட்டிக் கொடுத்திருக்கும்.

"கொல்லிமலையைக் கொள்ளலாகாதா?" என்றார். அது பெரிதுதான், ஆனால் நீண்டு கிடக்கிறது. அதன் எவ்விடத்தைக் குறி என்பது? பெருமை வேறு, தெளிவு வேறு.

சோழமண்டலக் கரையின் இடர்ப்பாடும் இதுவே. அது பெரும்பாலும் தாழ்ந்த மணற்கரை. ஓரிடம் மற்றோரிடம் போலவே தோன்றும். ஆதலால்தான் முற்காலத்து மாலுமிகள் மாமல்லபுரக் கோயில்களைக் குறியாகக் கொண்டனர். நிலவுருண்டையின் வளைவினால், தொலைவிலிருந்து வருவோர்க்கு முதலில் தெரிவது கோபுரத்தின் உச்சியே; தாழ்ந்த கரை பின்னரே தோன்றும். கோடியக்கரையில் கரை தெற்கு நோக்கிச் செல்வதை விட்டு மேற்கே திரும்புகிறது. அத்திருப்பம் படத்தில் தெளிவு. கடலில் நின்று காண்போர்க்கோ அத்துணைத் தெளிவன்று.

குறிகளும் நிலையானவை அல்ல. அலையும் புயலும் மணல்திட்டுகளை இடம் மாற்றும். 1964 புயலில் தனுஷ்கோடி ஊரே அழிந்தது. சென்னையில் உயர்நீதிமன்றக் கட்டடத்தின் உச்சியில் எரிந்த கலங்கரை விளக்கின் பணியை, 1977 முதல் மெரினாவிலுள்ள விளக்கு செய்து வருகிறது. எனவே பழைய படத்தைத் திருத்தாமல் நம்பலாகாது. இரவிலே விளக்கைக் கண்டதும் பெயர் கூறிவிடாமல், அது ஒளிரும் முறையை நொடிக் கணக்கில் எண்ணிப் படத்துடன் ஒப்பிட வேண்டும்.

மாணவர்களே, வடிவைக் கண்டதும் பெயரிடாதீர்கள். திசையை அளந்து, படத்தில் குறித்து, வேறொரு குறியால் சரிபார்த்த பின்னரே எழுதுங்கள். என் மாணவரும் இம்முறையிலேதான் மீண்டும் தேர்வுக்குப் பயின்று வருகிறார்.