சண்டிகரில் ஓடுவோம் வாருங்கள்!
வட இந்தியாவுக்குச் செல்லும் விசுவாசிகளுக்கு ஒரு வழிகாட்டி



பணிமாற்றம், பிள்ளைகளின் படிப்பு, இராணுவ சேவை, மருத்துவ சிகிச்சை, ஊழியக் கூட்டங்கள் என்று பல காரணங்களால் நம்முடைய சபைக் குடும்பங்கள் சண்டிகருக்குப் போய் வருகின்றன. போகிறவர்களில் பெரும்பாலோர் பாறைத் தோட்டத்தையும் ரோஜாத் தோட்டத்தையும் பார்த்து, படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அந்த நகரத்தை அறிந்துகொள்ள அதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. பொழுது விடியும் வேளையில் காலணியின் கயிற்றை இறுகக் கட்டிக்கொண்டு, மெதுவாக ஓடிப் பாருங்கள். கால்நடையாய்ச் செல்கிறவனுக்கு இத்தனை இடம் ஒதுக்கிக் கட்டப்பட்ட நகரம் நம் தேசத்தில் அபூர்வம்.

விசுவாசிகளின் பத்திரிகையில் ஓட்டப் பயிற்சிக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். சரீர முயற்சியின் பலன் கொஞ்சமே என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதினாரே என்றும் சொல்வார்கள் (1 தீமோ. 4:8). வசனத்தைக் கவனமாய் வாசியுங்கள். பலன் கொஞ்சம் என்றாரே தவிர, பலனே இல்லை என்று அவர் சொல்லவில்லை. தேவபக்தி எல்லாவற்றிலும் மேலானது என்று காட்டவே அந்த ஒப்புமை. அவ்வளவு கொஞ்சத்தையும் நாம் செய்கிறோமா என்பதே கேள்வி.

கிராமத்தில் நம் பெற்றோர் வயலுக்கு நடந்தார்கள், கிணற்றில் நீர் இறைத்தார்கள், சந்தைக்குச் சுமை தூக்கினார்கள். நகரத்துக்கு வந்த நாமோ இரயிலில் உட்காருகிறோம், அலுவலகத்தில் உட்காருகிறோம், கடையில் உட்காருகிறோம், வீட்டுக்கு வந்து தொலைக்காட்சிக்கு முன்னும் உட்காருகிறோம். சாப்பாட்டின் அளவு மட்டும் ஊரில் இருந்தபடியே இருக்கிறது. நாற்பது வயதிலேயே சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இன்று எல்லாச் சபைகளிலும் உண்டு. வியாதிக்காரரின் கட்டிலருகே நின்று ஜெபிப்பது போதகரின் கடமை. ஜனங்கள் அந்தக் கட்டிலில் விழாதபடி முன்னதாக எச்சரிப்பதும் அவர் கடமையே. கர்த்தர் சுகமளிக்கிறவர் என்று விசுவாசிக்கிறோம். அந்த விசுவாசம், அவர் தந்த சரீரத்தைக் கவனியாமல் விடுவதற்கு அனுமதிச்சீட்டு அல்ல. பரிசுத்த ஆவியானவரின் ஆலயத்தைப் பெருக்கித் துடைக்க வேண்டியது நாம்தான்.

சரீரத்தைப் போல் ஒரு நகரம்

தேசப் பிரிவினையில் லாகூர் பாகிஸ்தானுக்குப் போனது. இந்தியப் பஞ்சாபுக்குப் புதிய தலைநகரம் தேவைப்பட்டது. சுவிட்சர்லாந்தில் பிறந்த பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் லெ கொர்புசியே தலைமையில் திட்டமிடப்பட்ட சண்டிகரை, 1953 அக்டோபர் 7 அன்று குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் தொடங்கிவைத்தார். கொர்புசியே இந்த நகரத்தை மனித சரீரமாகவே கருதினார். சட்டமன்றமும் உயர்நீதிமன்றமும் உள்ள கேப்பிட்டல் வளாகம் தலை, செக்டர் 17-இன் கடைவீதி இதயம், நடுவே ஓடும் பசும்பூங்காக்கள் நுரையீரல். ஒரே சரீரம், பல அவயவங்கள் என்ற 1 கொரிந்தியர் 12-ஆம் அதிகாரத்தை நன்கறிந்த நமக்கு இந்தக் கருத்து எளிதில் விளங்கும்.

புது தில்லியிலிருந்து சதாப்தி இரயிலில் ஏறினால் ஏறக்குறைய மூன்றரை மணி நேரத்தில் சண்டிகர். கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 320 மீட்டர் உயரமே ஆகையால், மலைவாசஸ்தலங்களில் வரும் மூச்சுத்திணறல் இங்கே வராது. தரை பெரும்பாலும் சமம். வடகிழக்கில் சிவாலிக் மலைத்தொடர் நீலநிறமாய்த் தெரியும். அதைப் பார்த்து ஓடும்போது 121-ஆம் சங்கீதம் தானாகவே நினைவுக்கு வரும். ஒத்தாசை மலைகளிடமிருந்து வருவதில்லை, அவற்றைப் படைத்தவரிடமிருந்தே வருகிறது.

மூன்று வழித்தடங்கள்

முதலாவது, சுக்னா ஏரிக்கரை. புதிதாக ஓடுகிறவர்கள் இங்கேதான் தொடங்கவேண்டும். சிவாலிக் மலையிலிருந்து மழைக்காலத்தில் இறங்கிவரும் ஓடையை மறித்து 1958-இல் இந்த ஏரி உண்டாக்கப்பட்டது. கரையின்மேல் மோட்டார் வாகனம் போகக்கூடாது, ஏரியில் மோட்டார் படகும் ஓடக்கூடாது என்று கொர்புசியே விரும்பினார். ஆகவே ஹாரன் சத்தமில்லாத பாதை அது. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்த் திரும்பினால் 4 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். குளிர்காலத்தில் வடதிசை தேசங்களிலிருந்து வந்த பறவைகள் நீரில் மிதக்கக் காணலாம். ஆகாயத்துப் பட்சிகளைக் கவனிக்கச் சொன்ன ஆண்டவரின் மலைப்பிரசங்கம் அங்கே இன்னும் நன்றாய் விளங்கும். அதிகாலையில் நடக்கிற முதியவர்கள் கூட்டமாய் வருவார்கள். அவர்களை இடிக்காமல் ஓரமாய் ஓடுங்கள்.

இரண்டாவது, லெஷர் வேலி என்னும் பூங்காத் தொடர். நகரத்தின் வடகிழக்கு முனையில் தொடங்கி செக்டர்களின் ஊடே தென்மேற்காக நீளும் பசும்பட்டை இது. செக்டர் 3-இல் காகிதப்பூத் தோட்டம், செக்டர் 16-இல் 1967-இல் அமைந்த ஜாகீர் உசேன் ரோஜாத் தோட்டம், செக்டர் 36-இல் நறுமணத் தோட்டம் என்று பூங்காக்கள் வரிசையாய் வரும். செக்டர் 10-இன் மேல்முனையில் தொடங்கி ரோஜாத் தோட்டத்தின் முடிவுவரை சென்று திரும்பினால் ஏறக்குறைய 5 கிலோமீட்டர். நடுவே மத்திய மார்க் என்னும் பெரிய சாலையைக் கடக்கவேண்டும். அங்கே ஓட்டத்தை நிறுத்தி, சிக்னல் பார்த்து நடந்தே கடவுங்கள். பிப்ரவரி மாதத்தில் ரோஜாக்கள் நிறைந்திருக்கும்.

மூன்றாவது, நீங்கள் தங்கியிருக்கும் செக்டரையே சுற்றிவருவது. சாதாரணமாக ஒரு செக்டர் 800 மீட்டர் அகலமும் 1,200 மீட்டர் நீளமும் உடையது. அப்படியானால் ஒரு சுற்று 4 கிலோமீட்டர், இரண்டரைச் சுற்று 10 கிலோமீட்டர். அளவுகருவி எதுவும் தேவையில்லை. செக்டர் எண் தெரிந்திருந்தால் வழிதவறவும் மாட்டீர்கள். மொழி தெரியாத ஊரில் இது பெரிய உதவி.

கேப்பிட்டல் வளாகம் 2016-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. பலத்த காவல் உள்ள இடமாகையால் அங்கே ஓட நினைக்காதீர்கள். முன்பதிவு செய்து வழிகாட்டியோடு போய்ப் பாருங்கள்.

காலமும் காற்றும்

அக்டோபர் முதல் மார்ச் வரை ஓடுவதற்கேற்ற காலம் என்று பொதுவாகச் சொல்லலாம். அதிலும் பிப்ரவரி, மார்ச் மாதங்கள் மிகச் சிறந்தவை. டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் அடர்ந்த மூடுபனி இறங்கும், குளிர் 5 பாகைக்கும் கீழே போகும். நம் ஊர்க் குளிர் என்று எண்ணி மெல்லிய சட்டையோடு வெளியே போகாதீர்கள். இரண்டு அடுக்கு ஆடை, குல்லா, கையுறை அவசியம். பனி விலகும்வரை சாலையில் ஓடவேண்டாம், ஏரிக்கரையே பாதுகாப்பு. மே, ஜூன் மாதங்களில் வெயில் 40 பாகையைத் தாண்டும். அப்போது காலை ஆறரைக்குள் ஓட்டத்தை முடித்துவிடுங்கள். அக்டோபர் கடைசியிலும் நவம்பரிலும் வயல்களில் வைக்கோல் தாள் எரிக்கும் புகையும் வாகனப் புகையும் சேர்ந்து காற்றைக் கெடுப்பதுண்டு. காற்றின் தரம் மோசம் என்று அறிவிக்கப்பட்ட நாளில், விசேஷமாக ஆஸ்துமா உள்ளவர்கள், அறைக்குள்ளேயே உடற்பயிற்சி செய்வது ஞானம்.

புதிதாய்த் தொடங்குகிறவர்களுக்கு

தாவீதிடம் செய்தி கொண்டுபோக இருவர் ஓடினார்கள் (2 சாமு. 18). கூஷி முதலில் புறப்பட்டான். அகிமாஸ் பிந்திப் புறப்பட்டாலும் சமபூமியின் வழியாய் ஓடி முந்திக்கொண்டான். வேகத்தைவிட வழியை அறிந்திருப்பது மேலானது என்பதற்கு அவன் சாட்சி. ஆகவே முதல் நாளிலேயே வேகம் காட்டாதீர்கள். ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று 20 நிமிடம் செய்யுங்கள். ஓடும்போதே பக்கத்தில் வருகிறவரோடு பேசமுடிந்தால் வேகம் சரியானது. மூச்சு வாங்கிப் பேச்சு நின்றுபோனால் நடைக்கு மாறுங்கள். வாரத்தில் மூன்று அல்லது நான்கு நாள் போதும்.

நாற்பதைக் கடந்தவர்களும், சர்க்கரை, இரத்த அழுத்தம், இருதய நோய் உள்ளவர்களும் மருத்துவரிடம் கேட்டபின்பே ஓடத் தொடங்கவேண்டும். மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள். சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் பையில் நான்கு மிட்டாய்களை வைத்துக்கொள்ளுங்கள். கைநடுக்கமும் வியர்வையும் திடீரென வந்தால் உடனே நின்று, அவற்றைச் சாப்பிடுங்கள். ஓடி முடித்ததும் பாதங்களில் கொப்புளமோ காயமோ உண்டா என்று பாருங்கள். நெஞ்சு வலித்தால் அதை விசுவாசப் பரீட்சையாக எண்ணி ஓட்டத்தைத் தொடராதீர்கள். நின்று, உதவி கேளுங்கள்.

பஞ்சாபில் பிறந்த முதிய மாரத்தான் வீரர் ஃபௌஜா சிங், 2025 ஜூலையில் தம் கிராமத்தருகே சாலையில் வாகனம் மோதி மரித்தார். நூறு வயதைத் தாண்டியும் ஓடிய கால்களுக்கும் சாலை ஆபத்தே. வாகனம் வரும் திசையை நோக்கி ஓடுங்கள். இரண்டு காதுகளையும் அடைத்துக்கொண்டு பிரசங்கம் கேட்காதீர்கள். சகோதரிகள் பொழுது நன்றாய் விடிந்தபின், இருவர் மூவராய்ச் செல்வது நல்லது. தளர்வான சல்வார் கமீஸும் நல்ல காலணியும் போதும். அடக்கமான ஆடை ஓட்டத்துக்குத் தடையல்ல என்பதை ஏரிக்கரைக்கு வரும் பஞ்சாபிப் பெண்களைப் பார்த்தாலே அறிவீர்கள்.

எலியாவை நினைத்துக்கொள்ளுங்கள். கர்த்தருடைய கரம் அவன்மேல் இருந்ததினால் அவன் ஆகாபின் இரதத்துக்கு முன்னே யெஸ்ரயேல்வரை ஓடினான் (1 இரா. 18:46). அடுத்த அதிகாரத்திலோ சோர்ந்து சூரைச்செடியின் கீழே விழுந்து கிடக்கிறான். தூதன் அவனுக்கு உபதேசம் பண்ணவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடியும் தூங்கவிட்டான். ஆவிக்குரிய மனிதனுக்கும் ஆகாரமும் தூக்கமும் வேண்டும். இரவு ஜெபம் முடிந்த மறுநாள் காலையில் ஓடாதீர்கள், உறங்குங்கள்.

அந்த மண்ணின் ஓட்டக்காரர்கள்

தேசப் பிரிவினையின்போது தாய் தகப்பனை இழந்து அகதியாய் வந்த மில்கா சிங் பிற்காலத்தில் சண்டிகரில் வாழ்ந்து, 2021 ஜூன் 18 அன்று அங்கேயே மரித்தார். 1958 காமன்வெல்த் போட்டியில் தங்கம் வென்றவர் அவர். 1960 ரோம் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் ஓட்டத்தில் மயிரிழையில் வெண்கலத்தை இழந்து நான்காவதாக வந்தார். ஓட்டத்தின் நடுவே வேகம் தணித்து மற்றவர்களைத் திரும்பிப் பார்த்ததே காரணம் என்று அவரே சொல்லியிருக்கிறார். ஓடுகிறவன் கண் எங்கே இருக்கவேண்டும் என்று எபிரெயர் 12:2 நமக்குச் சொல்லுகிறது.

சண்டிகரைச் சேர்ந்த மூதாட்டி மன் கௌர் 93-ஆம் வயதில்தான் ஓடத் தொடங்கினார். 2017-இல் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் நடந்த உலக முதியோர் போட்டியில், 101-ஆம் வயதில் 100 மீட்டர் ஓடித் தங்கம் பெற்றார். இனி எனக்கு எதற்கு என்று சொல்லும் ஐம்பது வயதுச் சகோதரரே, சகோதரியே, நீங்கள் என்ன சொல்லப்போகிறீர்கள்?

ஞாயிற்றுக்கிழமைக் கேள்வி

ஒரு முக்கியமான காரியத்தைச் சொல்லியாகவேண்டும். நகரங்களில் நடக்கும் ஓட்டப் போட்டிகள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் நடக்கின்றன. நம் வாலிபர்கள் அலுவலக நண்பர்களோடு பெயர் கொடுத்துவிட்டு, ஆராதனைக்கு வராமல் போகிறார்கள். ஒரு ஞாயிறு இரண்டாகும், இரண்டு பழக்கமாகும். அந்நிய ஊரில் தனியாய் இருக்கும் பிள்ளைக்குச் சபையே குடும்பம். அந்தக் கயிறு அறுந்தால் அவனைத் தேடி வருவோர் யார்?

ஸ்காட்லாந்து தேசத்து எரிக் லிடெல், 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் ஓட்டத்தின் தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமை என்று அறிந்து, அதில் ஓட மறுத்தார். அதற்குப் பதிலாக 400 மீட்டர் ஓட்டத்துக்குப் பயிற்சி எடுத்து, 47.6 வினாடியில் ஓடித் தங்கம் வென்றார். அதன்பின் மிஷனெரியாகச் சீனாவுக்குச் சென்று, 1945-இல் ஜப்பானியரின் தடுப்பு முகாமில் மரித்தார். அவர் ஓட்டத்தை விட்டுவிடவில்லை, நாளை மாற்றிக்கொண்டார். நம் பிள்ளைகளுக்கும் இதையே சொல்லுவோம். ஓடுவதைப் பாவமென்று கண்டித்தால் அவர்கள் சபையைவிட்டே ஓடிவிடுவார்கள். சனிக்கிழமை காலையில் அவர்களோடு சேர்ந்து ஏரிக்கரைக்குப் போங்கள். போதகரும் மூப்பரும் கூட வந்தால், ஞாயிறன்று அந்த வாலிபன் ஆராதனையில் நிற்பான்.

பவுல் கொரிந்துவில் ஒன்றரை வருஷம் தங்கியிருந்தார் (அப். 18:11). அந்தப் பட்டணத்தின் அருகே இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இஸ்த்மிய விளையாட்டுகள் நடந்தன. வென்றவனுக்குக் கிடைத்த கிரீடம் பைன் தழையாலோ செலரித் தழையாலோ பின்னியது, சில நாளில் வாடிவிடும். அதற்காகவே அவர்கள் அவ்வளவு இச்சையடக்கமாய் இருந்தால், வாடாத கிரீடத்தை நாடுகிற நாம் எப்படியிருக்கவேண்டும் என்பதே 1 கொரிந்தியர் 9-ஆம் அதிகாரத்தில் அப்போஸ்தலனின் வாதம்.

ஆகவே அடுத்த முறை சண்டிகருக்குப் புறப்படும்போது பெட்டியில் வேதப்புத்தகத்தோடு ஒரு ஜோடி காலணியையும் வையுங்கள். ஓடும்போது ஒவ்வொரு செக்டருக்காகவும், அங்கே தனிமையில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்காகவும் மனதிற்குள் ஜெபியுங்கள். பக்கத்தில் ஓடுகிறவர் பயந்துவிடாதபடி சத்தத்தை மட்டும் ஆராதனைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கர்த்தருக்குக் காத்திருக்கிறவர்களுக்கு ஏசாயா 40:31-இல் வாக்குப்பண்ணப்பட்ட புதுப்பெலன் உங்கள் ஆத்துமாவிலும் சரீரத்திலும் பெருகுவதாக. ஆமென்.