விளையாட்டை நடத்தும் வித்தை

ஐரோப்பிய கவுன்சில் 1972-இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரிலும் 1995-இல் புடாபெஸ்ட்டிலும் திறந்த இளைஞர் மையங்களில், இளைஞர் பணியாளர்கள் கல்வி விளையாட்டுகளை வகுக்கவும் நடத்தவும் பயில்கின்றனர். அதன் மனித உரிமைக் கல்விக் கையேடாகிய 'காம்பஸ்', 2002-இல் வெளிவந்தது. அதிலுள்ள ஒரு விளையாட்டில், அகதி, வங்கி மேலாளரின் மகள் எனச் சீட்டில் தமக்கு வாய்த்த பாத்திரத்தை மனத்தில் தரித்து ஒரே வரிசையில் நிற்பவர்கள், வாசிக்கப்படும் வாக்கியம் தமக்குப் பொருந்தினால் மட்டுமே ஓரடி முன்வைக்க, சற்று நேரத்தில் சமுதாயத்தின் ஏற்றத்தாழ்வு அவர்கள் கண்ணெதிரே பிரத்தியட்சமாகிவிடுகிறது. விதிகளை வகுப்பது கடினமன்று. பின்தங்கி நின்றவர் மனம் புண்படாதவாறு, அவரைப் பாத்திரத்திலிருந்து மெல்ல விடுவித்து, என்ன உணர்ந்தார், ஏன் அசையாது நின்றார் என்று பொறுமையுடன் வினவி, முடிவைத் தாமே உரைத்துவிடும் ஆசையையும் அடக்கிக்கொண்டு சம்பாஷணையை நடத்துவதே அரிய சாமர்த்தியம். பயிற்சிக் காலத்தில் பெரும்பகுதியை இதற்கே ஒதுக்கவேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.