உங்களுக்குத் தெரியுமா? பழைய ஜப்பான் குட்டி டிராக்டருக்குள் இத்தனை கூத்தா!

அமெரிக்காவில் ஒரு கம்பெனி, தான் தயாரித்த டிராக்டரையே நாட்டுக்குள் விடாதே என்று வழக்குப் போட்டு ஜெயித்தது! குபோட்டாதான் அது. ஜப்பான் வயலில் உழுது ஓய்ந்த பழைய வண்டிகளை வியாபாரிகள் வாங்கிக் கப்பலேற்றி அமெரிக்காவில் இறக்கினார்கள். லேபிளில் இருந்ததோ ஜப்பானிய எழுத்து. மாடலும் அமெரிக்காவுக்கென்று செய்ததல்ல. 1997-இல் அமெரிக்க சர்வதேச வர்த்தக ஆணையம் தடை போட்டது. 1999-இல் மேல்முறையீட்டிலும் அதே தீர்ப்பு! அசல் குபோட்டாவே குபோட்டா முத்திரையை மீறியதாம்!

அதற்கு முன்பே கரை சேர்ந்த வண்டிகள்? இன்னும் ஓடுகின்றன. பலவற்றுக்கு வயது 40-க்கு மேல்!

சாவியைத் திருப்பி அணைக்கிறீர்கள். இன்ஜின் பாட்டுக்கு ஓடுகிறது! ரிப்பேர் இல்லை. பழைய டீசல் இன்ஜினில் நிறுத்துவதற்கான தீப்பொறியே கிடையாது. டீசலை அடைத்தால்தான் நிற்கும். ஸ்டாப் குமிழைப் பிடித்து இழுங்கள்!

பச்சை பெயிண்ட் அடித்த ஜான் டீர் 850, 950 அமெரிக்காக்காரன் செய்தது என்றுதானே நினைத்தீர்கள்? செய்தது ஜப்பானின் யான்மார்! நீல ஃபோர்டு 1000? ஷிபாவுரா! அல்லிஸ் சால்மர்ஸ் 5020? டோயோஷா! பாகம் கிடைக்கவில்லை என்று புலம்புகிறவர்கள் பலர் தேடுவது தப்பான பெயரில்!

யான்மார் ஒய்.எம். 2000-இல் வாட்டர் பம்ப் எங்கே என்று தேடாதீர்கள். கிடையவே கிடையாது! சூடான தண்ணீர் தானாக மேலே ஏறும், ஆறியது கீழே இறங்கும். அவ்வளவுதான் கூலிங்! ஆனால் ரேடியேட்டரில் மட்டம் கொஞ்சம் குறைந்து மேல் ஹோஸின் வாய்க்குக் கீழே போகட்டும், சுற்று அறுந்துவிடும். கொதிக்க ஆரம்பிக்கும். முதலில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். இன்ஜின் ஆறிய பிறகுதான், சொல்லிவிட்டேன்!

அரை மணி நேரம் ஜோராக ஓடும். பிறகு திணறி நின்றுவிடும். கொஞ்ச நேரம் கழித்து ஸ்டார்ட் செய்தால் மறுபடி ஓடும்! ஃபில்டரை மாற்றுவார்கள், நாசிலைக் கழற்றுவார்கள், டீசல் பம்ப்பைச் சர்வீஸுக்கு அனுப்புவார்கள். பல நேரம் குற்றவாளி, டீசல் டேங்க் மூடியில் இருக்கும் காற்று ஓட்டை! தூசியோ குளவி மண்ணோ அடைத்தால் டேங்குக்குள் காற்று நுழையாது, டீசல் இறங்காது. மூடியைத் திருகும்போது 'உஸ்ஸ்' என்று சத்தம் கேட்டால் ஆளைப் பிடித்துவிட்டீர்கள். ஒரு கம்பி போதும். செலவு 0 ரூபாய்!

டீசல் பம்புக்குள் பிளஞ்சருக்கும் பேரலுக்கும் நடுவே இடைவெளி எவ்வளவு? 2, 3 மைக்ரான்! தலைமுடியே சுமார் 70 மைக்ரான்! தண்ணீர் கலந்த டீசல் ஏன் பம்ப்பைக் கொல்கிறது என்று இனிமேல் கேட்பீர்களா?

டேங்கைக் காலியாக்கிவிட்டீர்களா? டீசல் ஊற்றினால் மட்டும் ஸ்டார்ட் ஆகாது! ஏர் எடுக்க வேண்டும். ஃபில்டர் தலையிலுள்ள ஸ்க்ரூவை ஒரு சுற்று தளர்த்துங்கள். முதலில் நுரை வரும். அப்புறம் விட்டு விட்டுக் குமிழி. அப்புறம்தான் கண்ணாடிபோல் டீசல். உடனே இறுக்குங்கள். அடுத்து டீசல் பம்ப்பில் அதே வேலை. கடைசியில் இன்ஜெக்டர் குழாய் நட்டுகளைத் தளர்த்திக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். ஒவ்வொன்றிலும் டீசல் துள்ள ஆரம்பித்ததும் இறுக்குங்கள். பல 'செத்த' டிராக்டர்களுக்கு உயிர் இங்கேதான் வருகிறது!

அந்த நேரத்தில் கையை மட்டும் தளர்த்திய நட்டுகளருகே நீட்டாதீர்கள். அந்தப் பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்! காயம் குண்டூசி முனையளவுதான் தெரியும், ஓட வேண்டியதோ ஆஸ்பத்திரிக்கு!

குளிரில் ஸ்டார்ட் ஆகவில்லையா? ஈதர் ஸ்ப்ரே என்ற பேச்சே வேண்டாம்! பழைய யான்மார் பலவற்றில் காற்று நுழையும் வழியிலேயே ஒரு சின்ன ஹீட்டர் டீசலைச் சொட்டவிட்டு நெருப்பு மூட்டும். ஆமாம், இன்ஜினுக்குள் போகும் காற்றில் நிஜ நெருப்பு! அதில் ஈதரை அடித்தால் ஸ்டார்ட் ஆகாது, வெடிக்கும்!

கியர் பெட்டியில் ஆயில் பார்க்கும் குச்சியை உருவினால் பால் கலந்த டீ நிறத்தில் இருக்கிறதா? தண்ணீர் புகுந்துவிட்டது! வந்த வழி? பல நேரம் கியர் ராடு அடியில் கிழிந்துபோன ரப்பர் உறை! மழையில் நின்ற வண்டி அந்தக் கிழிசல் வழியாகச் சொட்டுச் சொட்டாகக் குடித்திருக்கிறது. வேடிக்கை அடுத்தது. பல மாடல்களில் கியருக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே ஆயில்! அதனால் பின்னால் கலப்பை தூக்கும்போது முனகல் கேட்கும், தூக்காமல் மல்லுக்கட்டும். ஹைட்ராலிக் பம்ப் போச்சு என்று மெக்கானிக் சொல்வார். போனது ஒரு துண்டு ரப்பர்!

கருவிகளைச் சுழற்றும் பின்பக்க பி.டி.ஓ. ஷாஃப்டுக்கு அமெரிக்காவில் நிமிடத்துக்கு 540 சுற்று என்றால் 540 சுற்றுதான். ஜப்பான் வண்டியிலோ 3 வேகம், 4 வேகம்! ஷாஃப்ட் அளவு மட்டும் இரண்டுக்கும் பொருந்தும். அங்கேதான் கண்ணி! 540-க்குச் செய்த புல் வெட்டியை மாட்டி, தெரியாமல் மேல் வேகத்தில் போட்டவர் கதி அதோகதி!

கிளட்சை மிதித்தும் டிராக்டர் முன்னால் போகுமா? போகும்! புல் வெட்டியின் சுழலும் கனத்த பிளேடு பி.டி.ஓ. வழியாக கியர் பெட்டியையே தள்ளும். வேலி இருந்தால் வேலியோடு போகும்! ஷாஃப்டில் ஓவர்ரன்னிங் கிளட்ச் என்று ஒரு சின்ன உருளை மாட்டினால் ஆட்டம் அடங்கும்.

வாங்கப்போகும் வண்டியில் மினுமினுக்கும் புது பெயிண்டா? ரப்பர் ஹோஸைத் தடவிப் பாருங்கள். அதன்மேலும் பெயிண்ட் இருந்தால் உஷார்! பழைய யான்மார் பல, வியட்நாமில் தட்டிக்கொட்டிப் பெயிண்ட் அடித்து அமெரிக்காவுக்குப் போனவை!

நம்மூர் வயலில் பார்த்த 'மிட்சுபிஷி சக்தி'யும் ஜப்பான் உறவுதான். பெங்களூர் வி.எஸ்.டி. மிட்சுபிஷியோடு கைகோத்தது 1967-இல்!

திருப்புளி வழுக்கி ஸ்க்ரூ தலை மொட்டையாகிறதா? தலையில் ஒரு குட்டிப் புள்ளி தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் அது ஜப்பான் அளவு ஸ்க்ரூ. சாதாரண ஸ்டார் திருப்புளி அதில் முழுசாக உட்காராது!

8 மி.மீ. போல்ட்டுக்கு ஐரோப்பாவில் 13 ஸ்பானர். ஜப்பானில் பெரும்பாலும் 12! அமெரிக்காக்காரர் அரை அங்குல ஸ்பானரை எடுப்பார். அது 12.7 மி.மீ. மூலை தேய்ந்தது மிச்சம்!

கடைசியாக ஒன்று, இது அக்மார்க் ரகசியம்! ஆயில் பிரஷர் சுவிட்ச் புதுசாகப் போட்டும் கசிகிறதா? மரையை எண்ணுங்கள். ஜப்பான் இன்ஜினில் அந்தச் சுவிட்ச் ஏறும் துளைக்கு அங்குலத்துக்கு 28 மரை. அமெரிக்கக் கடையில் வாங்கியதிலோ 27! முதல் இரண்டு மூன்று சுற்று அழகாக ஏறும். அப்புறம் இறுகும். இன்னும் கொஞ்சம் அழுத்தினால் இன்ஜின் பிளாக்கின் மரையே காலி. வித்தியாசம் ஒரே ஒரு மரை!