மெல்லிய உருக்கு அச்சைக் கோணாமல் கடினமாக்குதல்

ஒன்றரை மில்லிமீற்றர் தடிப்புள்ள கருவி உருக்கில் அறுத்தெடுத்த அச்சைச் சுமார் 800 பாகை செல்சியஸுக்குக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்தால் அது கடினமாகும். கூடவே கோணிப்போகவும் கூடும். கொழும்பு செட்டியார் தெரு நகைவேலைக்கான வெட்டச்சு ஒன்று அப்படிக் கோணினால் அதன் விளிம்புகள் சரியாகச் சேரா. பொன் தகடு வெட்டுப்படாமல் மடியும்.

உருக்கைக் கடினமாக்குவது அதிலுள்ள கரிமம். கடினத்தைத் தரும் அதே உள்ளமைப்பு மாற்றமே கோணலுக்கும் வழிவிடுகிறது. தோய்த்த உருக்கு முதலில் சுருங்கும். சுமார் 200 பாகைக்கு இறங்கியதும் உள்ளமைப்பு மாறிச் சற்று விரியும். ஒரு பக்கம் முந்திக் குளிர்ந்தால் இரு முகங்களும் ஒரே நேரத்தில் சுருங்கி விரிவதில்லை. தடித்த கட்டி இந்த இழுபறியைத் தாங்கும், மெல்லிய தகடு வளைந்துவிடும்.

ஆகவே வேலை உலைக்கு முன்பே தொடங்குகிறது. உருட்டியபோதும் அறுத்தபோதும் உள்ளே தேங்கிய இறுக்கம் சூட்டில் விடுபட்டுத் தகட்டை முறுக்கும். அச்சைப் பருமட்டாக அறுத்ததும் 650 பாகையில் வைத்து, உலைக்குள்ளேயே ஆறவிட்டு, வந்த கோணலை அப்போதே நிமிர்த்தி, அதன்பின் அளவுக்குக் கொண்டுவருவது நல்லது. செஞ்சூட்டில் உருக்கு தன் பாரத்துக்கே தொய்யும் என்பதால் உலையில் முழுத் தகடும் சமதளத்தில் கிடக்க வேண்டும்.

எண்ணெயைக் கொழும்பு வெயில் சூட்டோடு விட்டுவிடக் கூடாது. 30 பாகையில் அது இன்னும் தடிப்பாகவே இருக்கும். 50 முதல் 60 பாகைக்குச் சூடாக்கினால் இளகி, இரு முகங்களிலும் ஒரே சீராக ஓடும். தகட்டைப் படுக்கையாகப் போடாமல் விளிம்பு கீழாக, நேர்குத்தாக இறக்க வேண்டும். பின் மேலும் கீழுமாக அசைக்கலாம். பக்கவாட்டில் அசைத்தால் ஒரு முகமே அதிகம் குளிரும்.

இதற்குப் பிறகும் நிமிர்த்த ஒரு வாய்ப்பு உண்டு. 200 பாகையை அண்மித்த நிலையில் வெளியே எடுத்த தகடு இன்னும் முழுதாகக் கடினமாகவில்லை. அந்தச் சில விநாடிகளில் இரு தடித்த இரும்புத் தகடுகளுக்கிடையே வைத்து இறுக்கினால் நேராகும். முழுதும் குளிர்ந்தபின் அதை வளைத்தால் கண்ணாடியாய் உடையும்.

இறுதியில் அதே இரும்புத் தகடுகளுக்கிடையே இறுக்கியபடி 200 பாகையில் ஒரு மணிநேரமாவது பதமாக்கினால் எஞ்சிய சிறு வளைவும் பெரும்பாலும் அடங்கும். அதிலும் தப்பியதை இரு முகங்களிலும் சமமாக அரைத்துச் சரிசெய்ய, தடிப்பில் முன்கூட்டியே சிறிது மிகுதி விட்டிருக்க வேண்டும்.