பரண்மேல் கிடக்கும் பித்தளைச் சில்லு

வலியசாலையில் பழைய வீடுகளைப் பிரித்துக் கட்டும்போது பரணிலிருந்து இறங்கும் ஒரு சாமானை என்னிடம் பலர் காட்டியிருக்கிறார்கள். ஒரு சாணுக்குச் சற்றுக் குறைந்த மெல்லிய கம்பி, அடிப்பக்கம் காசளவு பித்தளைச் சில்லு, மேல்நுனியில் சிறு கொக்கி. "இது என்ன மாமா, பம்பரமா? திரி தூண்டற குச்சியா?" என்று கேட்பார்கள். பாலராமபுரம் பக்கத்தில் இருப்பதால் தறிச் சாமான் என்பாரும் உண்டு.

தறிச் சாமான் அல்ல. பாலராம வர்மா மகாராஜா காலத்தில் (1798–1810) தமிழகத்திலிருந்து அங்கே குடியேறிய நெசவாளர்களின் கருவிகள் நாடா, அச்சு, விழுது முதலியவை. அவை நூலைத் துணியாக்குபவை. இதுவோ பஞ்சை நூலாக்குவது. பெயர் தக்ளி. கீழடி அகழாய்வில் கிடைத்த தக்களிகளும் இதன் முன்னோர்தாம்.

கொக்கி நூலைப் பிடிக்கும். சில்லின் கனம் சுழற்சியை நீடிக்க வைக்கும். சுழலச் சுழல இழையில் முறுக்கேறும். பருத்தி இழை ஏறக்குறைய 2, 3 செ.மீ. நீளம்தான், கனத்தைத் தொங்கவிட்டால் நூல் அறுந்துவிடும். அதனால்தான் சில்லைச் சிறியதாக வைத்து, கீழ்நுனியைச் சிரட்டையிலோ கிண்ணத்திலோ ஊன்றிச் சுற்றுவார்கள். சந்தேகம் இருந்தால் அந்த நுனியைப் பாருங்கள், தேய்ந்து மழுங்கியிருக்கும். கொக்கியின் உட்புறம் நூல் ஓடி வழுவழுப்பாகியிருக்கும். ராட்டைக் கதிருக்குக் கொக்கி கிடையாது.

சரி, அக்ரகாரத்து வீட்டில் நூல் எதற்கு? பூணூலுக்கு. நாலு விரலில் 96 சுற்றுச் சுற்றி, மும்மடியாக முறுக்கி, மறுபடியும் மும்மடித்து 9 இழையாக்குவது முறை. ஆனால் தக்ளியைக் கண்டவுடன் அப்படியே முடிவு கட்டிவிடவும் கூடாது. காந்தியடிகள் தக்ளியைப் பரப்பினார். 1937 வார்தா மாநாட்டுக்குப் பின் வந்த ஆதாரக் கல்விப் பள்ளிகளில் பிள்ளைகளும் இதில் நூற்றார்கள். பூணூல் நூற்ற தாத்தாவுடையதா, கதர் நூற்ற அத்தையுடையதா என்பதைச் சில்லு சொல்லாது. வீட்டில் உள்ள வயதானவர்தான் சொல்லணும்.

ஆகவே அன்பர்களே, பழைய பித்தளைக்காரரிடம் எடைக்குப் போடும் முன் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அவர்கள் சொல்வதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கம்பியிலேயே கட்டி வையுங்கள். எடைக்குப் போட்டால் கிடைப்பது சில ரூபாய்தான். யார், எதற்காக நூற்றார்கள் என்ற சேதியைப் பிறகு எந்தக் கடையிலும் வாங்க முடியாது.